திரை யார் பக்கம்?

குழந்தை வெளியே வந்துவிட்டால் பிரசவம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். முடிவதில்லை. நஞ்சு விழ வேண்டும். விழுந்ததும் கர்ப்பப்பை தன்னைத்தானே இறுக்கிக்கொள்ள வேண்டும். இத்தனை மாதம் குழந்தைக்காக ரத்தம் சுமந்த குழாய்களை அடைக்க உடம்பில் தனியாக ஒரு மூடி கிடையாது. அவற்றைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் தசை நார்கள் சுருங்கி, முறுக்கிப் பிடித்து, ஓட்டத்தை நிறுத்துகின்றன. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு உள்ளேயே தங்கிவிட்டால் தசை முழுதாகச் சுருங்க முடியாது. குழாய்கள் திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் வேண்டியவை கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கத் தொடையில் போடும் ஒரு ஆக்சிடோசின் ஊசி, நஞ்சை எடுக்கத் தெரிந்த ஒரு கை, ஏற்றுவதற்கு ரத்தம். இல்லையென்றால் இவை இருக்கும் இடத்துக்கு உடனே கொண்டுபோக ஒரு வண்டி.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு வீட்டில் இவை எதுவும் இல்லை. கைபேசி இருந்தது. யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அவர் ஒரு பள்ளி ஆசிரியை.

செய்தி வந்த வாரம் நான் போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: "படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா?" சுகாதாரத் துறை எச்சரித்தது, வழக்கு பதிந்தார்கள், தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். பிறகு வேறு செய்தி வந்தது; அந்தக் கேள்வி பதில் இல்லாமலே போய்விட்டது. என் பதில் கசப்பாகத்தான் இருக்கும். படித்ததனால்தான் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், நர்சம்மா சொன்ன தேதிக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றிருப்பாள். தேடிப் பார்க்கும் பழக்கம், நாலு காணொளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை, ஊரே ஒரு பக்கம் போனாலும் நான் வேறு பக்கம் போவேன் என்கிற துணிச்சல் எல்லாம் படிப்பு தந்தவை. நல்ல குணங்கள்தான். பகுத்தறிவு பேசுகிற நாங்கள் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்ததும் இந்தக் குணங்களைத்தான். ஆனால் கண்முன் வந்து நிற்கும் ஆதாரத்தை எடைபோட ஒரு தராசு வேண்டுமே, அதை நாம் கையில் கொடுக்கவில்லை.

அந்தத் தராசு எப்படிப்பட்டது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியும் ஆக்சிடோசினும் இல்லாத காலத்தில் எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பதற்கு நம்பகமான பழைய பதிவு ஸ்வீடனில் இருக்கிறது. 1750களில் அங்கே லட்சம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 900 தாய்மார் இறந்தார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதாவது எந்த உதவியும் இல்லாமல் நூறு குடும்பங்கள் வீட்டில் பிரசவம் பார்த்தால், 99 குடும்பங்கள் சிரித்த முகத்தோடு காணொளி போடும். நூறாவது குடும்பம் காணொளி போடாது. பார்க்கிறவருக்குத் தெரிவது 99 சாட்சி. எல்லாம் உண்மையான சாட்சி, ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 99 உண்மையையும் கூட்டினால் விடை தவறாக வரும்.

"எங்க பாட்டி பன்னெண்டு பெத்தா, ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை" என்று சொல்லாத வீடு இல்லை. அதே பழைய கணக்குப்படி, பன்னிரண்டு பிள்ளை பெறப் புறப்பட்ட பத்துப் பெண்களில் ஒருத்தி பாதி வழியில் பிரசவத்திலேயே செத்திருப்பாள். அவள் யாருக்கும் பாட்டியாகிக் கதையில் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். 900க்கும் 54க்கும் உள்ள இந்த இடைவெளியைத் தெருவில் நின்று கண்ணால் பார்க்க முடியாது. ஒருவருடைய வாழ்நாள் அனுபவத்துக்கும் அது எட்டாது. எண்ணினால் மட்டுமே தெரியும். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் உண்டு. பகடையை உருட்டி, சீட்டுக்கட்டை எடுத்துக் கணக்கு போட வைக்கிறோம். அதே கணக்குதான் உன் அம்மா பிழைத்தாளா இல்லையா என்பதையும் சொல்கிறது என்று எந்த வகுப்பில் சொன்னோம்?

எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதும் பிரசாரமாகிவிடும்.

என் தங்கையின் இரண்டாவது பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. வலி வந்து ஆறு மணி நேரம். ஆபரேஷன் என்றார்கள். தங்கை வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். சண்டை போடவில்லை, என்ன காரணம், இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்ற ஒரே வாக்கியம்தான் பதிலாக வந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கப் படிவத்தை நீட்டினார்கள், கையெழுத்து போட்டார். தாயும் பிள்ளையும் நலம். அந்த ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கலாம், தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் கைபேசியில் தேட ஆரம்பித்தார். டாக்டர் சொல்லாத பதிலைச் சொல்ல அங்கே ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். கனிவாகப் பேசினார்கள், தமிழில் பேசினார்கள், "நல்ல கேள்வி கேட்டீங்க" என்றார்கள்.

தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. தனியாரில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஒரு சமூகத்தில் இது 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, கூடக்கூடத் தாய்-சேய் உயிரிழப்பு குறைவதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லிவிட்டது. ஆகவே மக்களின் சந்தேகத்துக்கு வேர் இருக்கிறது. போலி வைத்தியன் அந்த வேரில்தான் தண்ணீர் ஊற்றுகிறான். "நாங்க சொன்னா செய்யணும்" என்று ஆஸ்பத்திரி பழக்கிய அதே தலையாட்டல்தான் நாளை அவன் சொல்லுக்கும் ஆடுகிறது. டாக்டரைக் கண்ணை மூடி நம்புவதும் தன்னை 'ஹீலர்' என்று சொல்லிக்கொள்பவனைக் கண்ணை மூடி நம்புவதும் ஒரே நோய். ஒன்று பெரும்பாலும் நல்லபடியாக முடிகிறது, மற்றது அப்படி முடிவதில்லை. நம்புகிறவனின் புத்தி என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கும் டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு புதன்கிழமையை அப்படியே சொல்கிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். ஊரில் சப் சென்டர் என்பார்கள். ஒரு ஹால், ஒரு பெஞ்சு, சுவரில் மஞ்சள் காமாலை போஸ்டர், மூலையில் தடுப்பூசிப் பெட்டி. தெரிந்தவர்களோடு போயிருந்தேன். கிராம சுகாதார செவிலியருக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. அந்த 5,000 பேரில் கர்ப்பமானவர், பிறந்தது, ஊசி போட்டது, போடாதது எல்லாம் இந்த அம்மா பொறுப்பு. மேசையில் இரண்டு நோட்டு, கையில் டேப்.

ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மாமியாரோடு வந்திருந்தாள். பிரஷர் பார்த்தார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. செவிலியர் நோட்டில் எழுதினார், டேப்பில் அடித்தார். நெட்வொர்க் கிடைக்கவில்லை, எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டேப்பை உயர்த்திப் பிடித்தார். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. ஏறிவிட்டது. இரும்புச் சத்து மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, "டெய்லி போடணும் கண்ணு, மறக்கக் கூடாது" என்றார். அடுத்த ஆள்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று. "நல்லாத்தான் இருக்குமுங்க. நர்சம்மா ஒண்ணுஞ் சொல்லலீங்களே" என்றாள். மாத்திரையை எப்படிப் போடுவாள்? காலையில் வெறும் தண்ணீரில் போட்டால் குமட்டுகிறதாம். டீயோடு போடுகிறாளாம்.

டீயில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு அதை எடுக்க விடாது. நான்கு மாதமாக அவள் ஒழுங்காக, ஒரு நாள் விடாமல், சொன்னபடி மாத்திரை போட்டு வந்திருக்கிறாள். பெரும்பகுதி வீண். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டிய எண் அவளுக்கு 8.9இல் நிற்கிறது. பிரசவத்தில் எல்லோரும் தாங்குகிற அளவு ரத்தப்போக்கு வந்தால்கூட அவள் உடம்பு தாங்காமல் போகலாம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அறிவியல் பிரிவு. கையில் நல்ல ஆண்ட்ராய்டு போன். அந்த 8.9 என்ற எண், அவள் நடந்து வீடு போய்ச் சேர்வதற்குள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

செவிலியர் மேல் எனக்குக் குறையே இல்லை. சாயங்காலமானால் மேலிடத்திலிருந்து போன் வருகிறது: "என்ட்ரி பெண்டிங் ஏன்?" யாரும் போன் பண்ணி, "அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. எதைக் கேட்கிறோமோ அதுதான் நடக்கும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்தையும் இணையத்தில் பதிந்து பின்தொடரும் பிக்மி முறை 2008இலேயே வந்துவிட்டது. இன்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுவே சாவி. பெரிய சாதனைதான், குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பதிவே இல்லாமல் ஒரு தாய் கண்ணுக்குத் தெரியாமல் போவது அரிதாகிவிட்டது. நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் அதே மாநிலத்தில், அதே குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரிக்கு வர வைப்பதற்குச் சான்றிதழும் பணமும் போதும். டீயைத் தள்ளிக் குடிக்க வைப்பதற்குச் சான்றிதழ் உதவாது. அங்கே அவளுக்கு விஷயம் புரிந்தாக வேண்டும்.

மேலே நான் சொன்ன ஸ்வீடனுக்குத் திரும்பி வருகிறேன். அந்த எண்ணிக்கை எப்படி வந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். 1749 முதல் ஊர் ஊராகத் தேவாலயப் பாதிரிகள் பிறப்பு இறப்பை அட்டவணையாக எழுதித் தலைநகருக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து டேட்டா என்ட்ரி. 1751இல் அந்நாட்டு மருத்துவக் குழு நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது: பிரசவத்தில் இறந்த 651 பெண்களில் குறைந்தது 400 பேரைக் காப்பாற்றியிருக்கலாம், போதுமான மருத்துவச்சிகள் இருந்திருந்தால். அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. ஊர்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, திருப்பி அதே ஊருக்கு அனுப்பினார்கள். ஆபத்து நேரத்தில் இடுக்கி முதலான கருவிகளைத் தாமே பயன்படுத்தும் உரிமை 1829இல் அந்த மருத்துவச்சிகளுக்குக் கிடைத்தது. 1881இல் கையையும் கருவிகளையும் கிருமிநீக்கம் செய்வது கட்டாயமானது. 1900 வாக்கில் தாய்மார் இறப்பு பழைய அளவில் கால் பங்காகிவிட்டது. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன், ரத்த வங்கி வருவதற்கு முன். ஏழை நாடாக இருந்தபோது.

எண் மேலே போனது, கல்வி கீழே இறங்கி வந்தது. இரண்டும் ஒரே சக்கரத்தின் பாதிகள். நம்மிடம் மேலே போகிற பாதி மின்னல் வேகத்தில் சுற்றுகிறது. கீழே வருகிற பாதி காலியாகக் கிடக்கிறது. காலியாக இருக்கும் இடத்தை யாராவது நிரப்புவார்கள்தானே? வாட்ஸ்அப் நிரப்பியது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டக் கூட்டம் கலைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்நிய நிறுவனங்கள் மேல் கோபம் காற்றில் இருந்தது. ஊசி போட்டால் ஆண்மை போகும், வெளிநாட்டுச் சதி, பிள்ளைகளைச் சோதனை எலி ஆக்குகிறார்கள் என்று குரல் பதிவுகள் குழு குழுவாகப் பறந்தன. ஆங்கிலப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் கூடக் கையெழுத்து போட மறுத்தார்கள். முகாமின் தேதியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா என்பது பிள்ளைக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வருவதைப் பார்த்து, தாய்மார்களிடம் பேசிப் பேசிக் கண்டுபிடித்த உண்மை இது. இந்தக் கதையைப் பள்ளியில் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். நாம் அனுப்பியது ஒப்புதல் படிவம்.

அரசுகளுக்கு ஒரு பழைய சபலம் உண்டு: நல்ல காரியம்தானே, மக்களுக்குப் புரிய வைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, நம்ப வைத்தால் போதும். அம்மை குத்தும் முறை சென்னைக்கு வந்த புதிதில் மக்கள் பயந்தார்கள். திருக்குறளில் ஈடுபாடு கொண்டவராக நாம் கொண்டாடும் எல்லீஸ் துரை, அந்தப் பயத்தைப் போக்க ஒரு வழி செய்தார். பசு அம்மைப்பால் வைத்தியத்தைத் தேவியே தன்வந்திரிக்கு உபதேசித்ததாக ஒரு கதை எழுதினார். பழைய சாஸ்திரத்தில் இருப்பதாக மக்கள் நினைத்தால் குத்திக்கொள்வார்கள் என்பது கணக்கு. அவர் மனசு நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் உயிர் காக்கும் ஒரு அறிவைக் கட்டுக்கதையின் முதுகில் ஏற்றி அனுப்பினால் வளர்வது கட்டுக்கதைதான். தடுப்பூசி நம் முன்னோர் கண்டுபிடித்தது, ஆதாரம் ஏட்டில் இருக்கிறது என்று இன்றும் சுற்றும் பெருமைப் பேச்சுக்கு அப்படிப்பட்ட போலி ஏடுகள் தீனி போட்டிருக்கின்றன.

"பக்க விளைவே இல்லை, பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதும் அந்த வகைதான். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கேமராக்களுக்கு முன்னால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மக்கள் தைரியம் பெற வேண்டும் என்பதற்காக. 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இதய ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். பின்னர் விசாரித்த நிபுணர் குழுவும் தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது. ஊர் கேட்கவில்லை. கேட்காததற்கு ஊரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டால், ஊசியே போடாமல் இருந்தாலும் அந்த வாரத்தில் மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதிகம் இல்லை, பனம்பழத்துக்குச் சொன்ன கதையை ஊசிக்கும் சொல்லியிருந்தால் போதும்.

தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யக் கட்டிய கோவின் தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசியது. ஆங்கிலமும் இணையமும் இல்லாத தொழிலாளி எப்படிப் பதிவு செய்வார் என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; யாருக்காகக் கட்டினோம் என்று யோசிக்காமல் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

எண்பது ஆண்டுகளுக்கு முன் 'இனிவரும் உலகம்' எழுதிய பெரியார், கம்பியில்லாத் தொடர்புக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அது பலித்ததைச் சொல்லி நாங்கள் மேடைதோறும் பெருமைப்படுகிறோம். ஆனால் கருவி வந்தால் கூடவே பகுத்தறிவும் வந்துவிடும் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. சாகும் வரை ஊர் ஊராகப் போய் மணிக்கணக்கில் நின்று விளக்கிக்கொண்டே இருந்தார். கேள்விச் சீட்டுகளை வாங்கிப் பதில் சொன்னார். நாங்கள் கருவியின் தீர்க்கதரிசனத்தை எடுத்துக்கொண்டு அந்த உழைப்பை விட்டுவிட்டோம். ஜோசியத்தையும் தாயத்தையும் கிண்டலடிப்பது எளிது. ஒரு கர்ப்பிணிக்கு 8.9 என்றால் என்ன என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லும் பகுத்தறிவாளர்கள் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. அந்த 12 இலக்க எண்ணோடு கைபேசி எண்ணும் பதிவாகியிருக்கிறது. 8.9 என்று டேப்பில் ஏறிய மறுநிமிடம், அவள் போனுக்குத் தமிழில் ஒரு குரல் போக முடியும்: உன் ரத்தம் இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு, போன மாதம் இவ்வளவு இருந்தது, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடு, டீயைத் தள்ளி வை, சந்தேகம் இருந்தால் 104க்குப் பேசு. வீடு தேடி வந்து கதவைத் தட்டும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. தன்னார்வலப் பெண்கள் பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். "சுகர் நார்மல் ஆயிருச்சு" என்று மாத்திரையை நிறுத்திய பெரியவர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. மாத்திரை போட்டதால்தான் நார்மல் ஆனது என்று அவருக்கு ஒரு வரைகோட்டைத் திரையில் காட்டப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து பாகங்களைக் குறிக்கிறது, ஐந்து மதிப்பெண். வீட்டில் அம்மாவுக்கு 150/100. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் வந்த கர்ப்பிணி அக்காவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், விடிந்து பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது என்பதும் தெரியாது. பிரஷர் மிஷின் ஒன்று ஆய்வகத்துக்கு வரட்டும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கையில் கட்டிப் பார்க்கட்டும். ஹைடெக் லேபில் ஒரு வாட்ஸ்அப் வதந்தியைப் போட்டு, இதை யார் சொன்னார், எப்படித் தெரியும், சொன்னவருக்கு என்ன லாபம், நடக்காமல் போன கதைகளை யார் எண்ணினார் என்று வகுப்பே சேர்ந்து பிரித்துப் பார்க்கட்டும். அப்படி வளர்ந்த பிள்ளை டாக்டரிடமும் அதே கேள்விகளைக் கேட்கும். கேட்கட்டும். "நீங்க டாக்டரா?" என்ற பதில் அப்போது செல்லாது.

படித்த நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடும்பக் குழுவில் வந்த மருத்துவத் தகவலை, "தெரியாது, எதுக்கும் அனுப்பி வைக்கிறேன்" என்று நீங்கள் தள்ளிவிடுகிறீர்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் இருப்பதால் கிராமத்தில் இருக்கும் உங்கள் அத்தை அதை நம்புகிறார். அவர் அறியாமல் நம்பினார் என்று சொல்லலாம். நீங்கள் அறிந்துகொள்ள முடிந்தும் அறியாமல் இருந்தீர்கள். இந்த இரண்டு அறியாமைக்கும் ஒரே மன்னிப்பு கிடையாது.

அந்த சப் சென்டருக்கு அடுத்த மாதமும் ஒரு புதன்கிழமை போயிருந்தேன். அன்று சர்வர் டவுன். காலையிலிருந்து எதுவும் ஏறவில்லை. செவிலியர் டேப்பை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு நோட்டை மட்டும் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே பெண் வந்தாள், எட்டாம் மாதம். விரலில் குத்தினார்கள். 9.1. எழுதிவிட்டு, அட்டையை அவள் பக்கம் திருப்பி, பழைய மாதத்து எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். "இது போன மாசம். இது அதுக்கு முந்தி. நீ மாத்திரை சாப்பிடறதான கண்ணு, அப்புறம் ஏன் ஏற மாட்டேங்குது?" அவள் டீ விஷயத்தைச் சொன்னாள். செவிலியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெல்லிக்காய், எலுமிச்சம்பழம், முருங்கைக்கீரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் குமட்டல் குறையும் என்று இருபது நிமிடம் பேசியிருப்பார். பெஞ்சில் காத்திருந்த மற்றப் பெண்களும் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

"அப்ப டீயை எப்பங்க குடிக்கறது?" என்று அவள் கேட்டாள்.

"மாத்திரைக்கும் டீக்கும் ரெண்டு மணி நேரம் எட்டி இருக்கோணும்."

மாமியார் அட்டையை வாங்கி, எட்டப் பிடித்து, எண்களைப் பார்த்தார். அவருக்கு வாசிக்க வராது. கொஞ்ச நேரம் கழித்து இடது கையை மேசைமேல் நீட்டி, "நர்சம்மா, எனக்கும் கொஞ்சம் பாருங்க, எவ்வளவு இருக்குதுன்னு" என்றார்.